மீன் சினையில் ஒரு சிவப்பு நூல்

தேவர்சோலையில் நூற்புழு என்ற வார்த்தையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேயிலை நாற்றங்காலுக்கு மண் எடுத்தவர், வாழை வைத்தவர், மிளகுக் கொடி மஞ்சளாகிப் போய்த் தலையில் கை வைத்தவர் என்று விவசாயம் தொட்ட எல்லோருக்கும் அது வேரில் முடிச்சுப் போடும் எதிரி. மண்ணில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வேரைக் கெடுக்கும். அவ்வளவுதான் விஷயம். அதே கூட்டத்தின் தூரத்துச் சொந்தங்கள் மீனுக்குள்ளும் குடியிருக்கின்றன என்று சொன்னால்தான் முகம் மாறும்.

இந்தப் பக்கத்துக்குக் கடல் மீன் சுரம் ஏறித்தான் வர வேண்டும், ஐஸ் பெட்டியில். அதை வாங்கி வண்டியில் வைத்து எஸ்டேட் லைன்களுக்குள் கூவி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஏதாவது ஒரு வீட்டில் மீனை அறுக்கும்போது சினைக்குள் சிவப்பு நூல் மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தால் போதும், மீன் திரும்பி வரும், கூடவே பேச்சும் வரும். "அவர்கிட்ட வாங்காதீங்கக்கா, புழுத்த மீனு." அந்த லைனில் அந்த வாரத்து வியாபாரம் முடிந்தது. புழுத்த மீன் வேறு, புழு உள்ள மீன் வேறு என்று எடுத்துச் சொல்ல அந்த மனிதருக்கு வாய்ப்பே கிடைக்காது. முதலாவது, ஈ மொய்த்துக் கெட்டுப் போனது. இரண்டாவதில், மீன் கடலில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தபோதே புழு உள்ளே இருந்தது. பிடித்த அரை மணி நேரத்தில் அறுத்தாலும் அது இருக்கும். மீன்காரர் மேல் தப்பே இல்லை.

சரி, அந்தச் சிவப்பு நூல் என்ன? தின்னலாமா, தூக்கிப் போடணுமா? பதில் சொல்ல முதலில் அதற்கு ஒரு பெயர் வேண்டும். இந்தக் கட்டுரையின் சங்கதியே அந்தப் பெயர்தான்.

சினையில் கிடக்கும் சிவப்பு நூல் பெரும்பாலும் ஃபிலோமெட்ரா என்ற பேரினத்தைச் சேர்ந்த பெண் உருளைப்புழு. பேரினத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் கோஸ்டா, 1845இல். இரத்தம் குடிப்பதால் அந்த நிறம். பழைய தலைமுறைக்காரர்களுக்கு நரம்புச் சிலந்தி நினைவிருக்கும்... காலில் கொப்புளம் வந்து வெள்ளை நூல் மாதிரி வெளியே வரும், குச்சியில் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள். ஃபிலோமெட்ரா அந்தப் புழுவுக்கு நெருங்கிய உறவு. (நரம்புச் சிலந்தி இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1996இல். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாகச் சான்றளித்தது.) உறவு பிழைப்பிலும் தெரியும். நரம்புச் சிலந்தியின் குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும் கோப்பிபாட் என்ற பொடி உயிரிக்குள் போய், அந்தத் தண்ணீரைக் குடித்த மனிதனுக்குள் வரும். ஃபிலோமெட்ராவின் குஞ்சுகளும் கோப்பிபாட்டுக்குள்தான் போகின்றன. அதைத் தின்ற மீனுக்குள் வருகின்றன. பெண் புழுவின் உடம்பு முழுக்கக் கடைசியில் குஞ்சுகள்தான், வேறெதற்கும் இடமில்லை. தண்ணீரில் விழுந்ததும் தோல் வெடித்து எல்லாம் வெளியே கொட்டும்.

குழம்பில் கொதித்த ஃபிலோமெட்ரா யாரையும் ஒன்றும் செய்யாது. பார்க்க அருவருப்பு, அவ்வளவே. ஹவாய்த் தீவில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரின் கைக் காயத்துக்குள் இந்த வகைப் புழு ஒன்று நுழைந்ததை 1986இல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார்கள். கட்டுரை எழுதுகிற அளவுக்கு அது அபூர்வம் என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையான நஷ்டம் மீனுக்குத்தான். சினைப்பையில் உட்கார்ந்து இரத்தம் குடித்தால் முட்டை என்னாகும்? அடுத்த தலைமுறை மீன் என்னாகும்? அது மீனவரின் கவலையும்கூட.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். "ஃபிலோமெட்ரா" என்பது வீட்டுப் பெயர் மாதிரி. அதில் எந்த ஆள் என்று சொல்வதற்குப் பெண் புழு பெரிய உதவி செய்யாது. கையளவு நீளத்துக்குக்கூட வளரும், ஆனால் உடம்பில் அடையாளம் சொல்கிற மாதிரி எதுவும் கிடையாது, வழவழவென்று ஒரு குழாய். அடையாளமெல்லாம் ஆணிடம் இருக்கிறது. ஆணோ இரண்டு மூன்று மில்லிமீட்டர்! சினைக்குள் முட்டைகளுக்கு நடுவே அதைத் தேடுவது சர்க்கரை மூட்டையில் ஒரு வெள்ளை நூல் துணுக்கைத் தேடுவதற்குச் சமம். கிடைத்தால், அதன் வாலில் இரண்டு ஊசிகள் இருக்கும். ஸ்பிக்யூல் என்பார்கள். அவற்றை வழிநடத்தும் ஒரு சின்னத் தகடும் இருக்கும். ஊசியின் நீளம், தகட்டின் நுனியில் உள்ள பற்கள், வாலைச் சுற்றிய மேடுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் - இவைதான் ஆதார் கார்டு.

அதைப் பார்க்கவும் பக்குவம் வேண்டும். புழுவை உப்புக் கரைசலில் கழுவி, சூடான ஃபார்மலினில் போடுவார்கள். சூடு பட்டதும் சுருளாமல் நீட்டி நிமிர்ந்து சாகும். பிறகு கிளிசரினில் ஊற வைத்தால் உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருப்பது தெரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கையால் படம் வரைவார்கள். ஆமாம், இன்றும் கையால்தான். தலை நுனியையும் வால் நுனியையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பார்கள். ஒரு துண்டைத் தனியாக ஆல்கஹாலில் போட்டு டிஎன்ஏ பார்ப்பதும் இப்போது வழக்கம். இதற்கெல்லாம் மீன் புதிதாக இருக்க வேண்டும். ஐஸில் இரண்டு நாள் கிடந்து சுரம் ஏறி வந்த மீனுக்குள் புழு செத்து ஊறிப் போயிருக்கும். தேவர்சோலையில் கிடைக்கும் சிவப்பு நூலை வைத்துப் புது இனம் அறிவிக்க முடியாது என்பது கசப்பான உண்மை.

அந்த வேலை நடந்தது மலையில் அல்ல, நேர் எதிரே வங்கக் கடலோரத்தில். வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. செக் நாட்டில் செஸ்கே புத்யேயோவிட்சே என்ற ஊரில் (வாய் வலிக்கிற பெயர்தான்) ஒட்டுண்ணியியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே இருந்த ஃபிரான்டிஷேக் மொராவெட்ஸ் மீன் உருளைப்புழு உலகத்தில் பெரிய தலை. ஐரோப்பாவின் நன்னீர் மீன் புழுக்களுக்கு ஒரு தடிப்புத்தகம், தென் அமெரிக்கப் பக்கத்துக்கு இன்னொன்று என்று எழுதியவர். 2010களின் தொடக்கத்தில் அவரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து தென்கிழக்குக் கடற்கரை மீன்களின் இனப்பெருக்க உறுப்புகளில் இருக்கும் ஃபிலோமெட்ராக்களை வரிசையாகப் பெயரிட ஆரம்பித்தார்கள். பன்னா மீனில் இருந்தது ஃபிலோமெட்ரா ஒடோலிதி ஆனது, 2013இல். களவா மீன்களில் இருந்தவை பற்றி 2014இல் தனிக் கட்டுரை வந்தது. எருமை நாக்கு மீனில் இருந்தது ஃபிலோமெட்ரா செட்டோடிடிடிஸ்.

அந்த எருமை நாக்கு பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வராது. தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கிற மீன். அதன் விஞ்ஞானப் பெயர் செட்டோடஸ் எருமெய். அந்த "எருமெய்" லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை, சாட்சாத் எருமைதான்! தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனில் இருந்த ஜான் என்ற பாதிரியார் அந்தக் கடற்கரை மீன்களை பெர்லினில் இருந்த பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் 1799இல் இறந்துவிட, ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்ட புத்தகத்தில், மீனவர்கள் சொன்ன "எருமை நாக்கு" அப்படியே ஏறிவிட்டது. தரங்கம்பாடிக் கடற்கரையில் யாரோ ஒருவர் கூடையைக் காட்டிச் சொன்ன பெயர் இருநூறு வருஷமாக உலகம் முழுக்க எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் பெயர் எங்கும் இல்லை. மீனுக்குப் பெயர் கிடைத்து இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து, சற்று வடக்கே பரங்கிப்பேட்டைப் பக்கம், அதன் வயிற்றில் இருந்த புழுவுக்குப் பெயர் கிடைத்தது.

பெயர் வைப்பதற்குச் சட்டம் உண்டு. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, புது இனம் என்று அறிவிக்கிறவர் "இதுதான் அந்தப் பெயருக்கு உரிய மாதிரி" என்று மாதிரியைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நாளை யாருக்காவது சந்தேகம் வந்தால் அருங்காட்சியகத்தில் அந்தக் குப்பியைத் திறந்து பார்க்கலாம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். எழுத்து மட்டும் போதாது, வவுச்சர் வேண்டும். ஆடிட்டர் கேட்டால் எடுத்து நீட்ட வேண்டும்.

வவுச்சர் இல்லாத கணக்கு நிறைய இருக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் தலைவலி. பேலிஸ் என்ற ஆங்கிலேயர் 1936லும் 1939லும் பிரிட்டிஷ் இந்தியாவின் உருளைப்புழுக்களுக்கு இரண்டு தொகுதி எழுதினார். இந்திய மீன்களின் உருளைப்புழுக்களுக்கு மட்டும் சூட்டா 1983இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்காக ஒரு பெரிய தொகுப்புப் போட்டார். தெற்காசியாவுக்கு சூட் 1989இல். இப்படி உட்கார்ந்து தொகுக்கிறவர்கள் பார்க்கும் தொல்லை என்ன தெரியுமா? ஒன்றிரண்டு புழுவை மட்டும் பார்த்து, சில சமயம் ஆணே கிடைக்காமல், நாலு அளவு போட்டுப் புது இனம் என்று எழுதிய பழைய கட்டுரைகள். மீனும் ஒன்று, புழுவும் ஒன்று, ஊர் மட்டும் வேறு என்றால் இன்னொரு பெயர். ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று லெட்ஜர் போட்ட கதை. புது இனம் என்றால் கட்டுரை எளிதில் ஏறும், "இது பழசுதான்" என்று நிரூபித்தால் யாரும் கை தட்டுவதில்லை. ஆனால் இரண்டாவதுதான் கஷ்டமான வேலை, நேர்மையான வேலையும்கூட. டிஎன்ஏ வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது பெயரைத் தப்பாகப் போட்டால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தப்போடு ஒப்பிட்டுச் "சரி" என்று டிக் அடிப்பார்கள். ஓபனிங் பேலன்ஸே தப்பென்றால் அப்புறம் எவ்வளவு சரியாகக் கூட்டி என்ன பயன்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு பிலிப்பைன்ஸ் கதை ஒன்று.

1963இல் பிலிப்பைன்ஸின் வடக்கே இலோகோஸ் பகுதியைச் சேர்ந்த ஒருவர் நிற்காத வயிற்றுப்போக்கில் இளைத்து இளைத்து மணிலாவில் இறந்துபோனார். உடலைப் பரிசோதித்தபோது குடல் முழுக்க மயிரிழைப் புழுக்கள். அதுவரை மனிதனில் யாரும் பார்க்காத புழு. 1967-68இல் அதே பகுதியில் நோய் பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள், பலர் இறந்தார்கள். 1968இல்தான் சிட்வுட், வெலாஸ்க்வெஸ், சாலசார் என்ற மூவர் அதைப் புது இனமாக விவரித்து காப்பில்லேரியா பிலிப்பினென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு தேடிக்கொண்டே போனதில் வழி தெரிந்தது. குட்டிப் புழுக்கள் சின்னச் சின்ன நன்னீர் மீன்களின் குடலில் இருக்கின்றன, அந்த மீனைப் பச்சையாகத் தின்றால் மனிதனுக்கு வருகின்றன, இயற்கையில் மீன் தின்னும் பறவைகளுக்குள் வளர்கின்றன. (பின்னாளில் மொராவெட்ஸ் இதை வேறு பேரினத்துக்கு மாற்றிப் பாராகாப்பில்லேரியா ஆக்கினார். ஒரே புழுவுக்கு இரண்டு பெயரும் இன்றும் புழங்குகின்றன. மேலே சொன்ன லெட்ஜர் தொல்லை!)

இதில் பயங்கரமான விஷயம், இதன் முட்டை பார்ப்பதற்குச் சாட்டைப்புழு முட்டை மாதிரியே இருக்கும். இரண்டு முனையிலும் அடைப்பு இருக்கும், வடிவத்திலும் அளவிலும் வித்தியாசம் கொஞ்சம்தான். சாட்டைப்புழு சாதாரண சமாச்சாரம், சில நாள் மாத்திரையோடு முடிந்துவிடும். இதுவோ குடலுக்குள்ளேயே பெருகிக்கொண்டு போகும், வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும், கொடுத்தால் பிழைப்பார்கள், கொடுக்காவிட்டால் இல்லை. லேபில் உட்கார்ந்திருப்பவர் ஸ்லைடைப் பார்த்து எழுதுகிற ஒற்றைப் பெயரில் ஒரு உயிர் தொங்குகிறது. பெயர் மாறினால் ஆள் போய்விடுவார்.

இது எங்கோ நடந்த கதையும் அல்ல. இந்தியாவில் இந்த நோய் இருப்பதாக முதல் அறிக்கை 1994இல் வந்தது, அதுவும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து. எழுதியவர்களில் முதல் பெயர் ககன்தீப் காங். பின்னாளில், 2019இல், லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான, இந்தியாவில் பணிபுரியும் முதல் பெண் விஞ்ஞானி. பிலிப்பைன்ஸ் புழுவை 1968இல் மூன்று பேர் பொறுமையாகப் படம் வரைந்து அளவு போட்டு வைத்திருந்ததால்தான், இங்கே ஸ்லைடைப் பார்த்தவர்களுக்கு ஒப்பிட ஏதோ ஒன்று இருந்தது.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு, ஒரே பெயருக்குள் மூன்று ஆட்கள். அனிசாகிஸ் சிம்ப்ளெக்ஸ் என்று நீண்ட காலம் ஒன்றாகவே கருதப்பட்ட கடல் மீன் புழு, மரபணுச் சோதனையில் மூன்று இனம் என்று பிரிந்தது. தோற்றத்தில் குட்டிகளைப் பிரிக்கவே முடியாது. மூன்றாவதுக்கு அனிசாகிஸ் பெர்லாண்டி என்று முறையான பெயர் கிடைத்ததே 2014இல்தான். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பச்சை மீன் தின்பவர்களின் வயிற்றைக் கடிப்பது இந்தக் கூட்டம்தான். 1960இல் நெதர்லாந்தில் ஹெர்ரிங் மீன் தின்றவர்களிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தாலும் சாகும். ஆனால் சிலருக்கு இதன் புரதத்துக்கு அலர்ஜி உண்டு. புழு செத்த பிறகும் அது தொந்தரவு செய்யலாம். பார்ப்பதற்கு வெள்ளையாக, கடிகாரச் சுருள்வில் மாதிரி குடலின் மேல் சுருண்டிருக்கும். மீன் செத்த பிறகு சதைக்குள் நகரவும் வாய்ப்பு உண்டு. எனவே மீனை வாங்கியதும் குடலை எடுத்துவிடுவது வெறும் சுத்தம் மட்டும் அல்ல.

ஆக, லைன் வீட்டு வாசலில் நடக்கும் சண்டைக்குத் தீர்ப்பு இதுதான். சினையில் சிவப்பு நூல் என்றால் எடுத்துப் போட்டுவிட்டு மீனைக் குழம்பு வைக்கலாம், மீன்காரரைத் திட்ட ஒன்றுமில்லை. குடலின் மேல் வெள்ளைச் சுருள் என்றால் குடலை முழுதாக நீக்கி, உள்ளே வேகும்வரை சமைக்க வேண்டும். ஆற்று மீன், குட்டை மீன் எதுவானாலும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம். விரால் மீனுக்கு இது இன்னும் பொருந்தும். அதில் நாத்தோஸ்டோமா என்ற முள்தலைப் புழுவின் குட்டி இருக்கலாம். அந்தப் புழுவை ரிச்சர்ட் ஓவன் 1836இல் முதலில் கண்டது எங்கே தெரியுமா? லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த ஒரு புலியின் இரைப்பையில். அதன் குட்டி மீனில் இருப்பது தெரிய இன்னும் நூறு வருஷம் ஆனது. முதுமலைப் புலிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்தத் தகவல் கொஞ்சம் கூடுதலாக இனிக்கலாம் :)

ஆற்று மீன் என்று வந்துவிட்டதால் இந்த மலையையும் பார்த்துவிடலாம். ஃபிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் 1867இல் நீலகிரி மலையிலும் அடிவாரத்து ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அது மீன்களுக்கான கணக்கு. மீனுக்குள் இருப்பவை வேறு கணக்கு. மலை ஓடைகளில் கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மே ஈயின் இளம்பூச்சிகளுக்குள் ராப்டோகோனா என்ற உருளைப்புழுவின் குட்டிகள் வளரும், அவற்றைத் தின்னும் மீனின் குடலில் பெரிதாகும். கூடலூரைத் தொட்டுக்கொண்டு கேரளத்துக்கு இறங்கும் பாண்டியாறும், கிழக்கே போகும் மாயாறும் இந்த மாதிரிப் புழுவுக்கேற்ற ஓடைகளால் ஆனவை. இங்கே ஐஸ் பெட்டித் தொல்லை கிடையாது. ஆற்றங்கரையிலேயே புழு உயிரோடு கிடைக்கும். வேண்டியதெல்லாம் ஒரு சின்ன மைக்ராஸ்கோப், உப்புக் கரைசல், சூடான ஃபார்மலின், ஆல்கஹால் குப்பி, எந்த மீன், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதின லேபிள். காட்டுக்குள் போகிற இடமாக இருந்தால் வனத்துறை அனுமதி. அப்புறம், பெண் புழு கிடைத்ததும் குதிக்காமல், ஆண் கிடைக்கிற வரைக்கும் இன்னும் பத்து மீனை அறுத்துப் பார்க்கிற பொறுமை.